பதினான்காவது கேள்வி

குத்தாயிசி நகரில் ரியோனி ஆற்றைப் பார்த்த அறை.
செவ்வாய், வியாழன், சனி.
நான்கு நாற்காலிகள், நான்கு இயந்திரங்கள்.
நான்கு பேரின் ரத்தம்
வெளியே போய்க் குளித்துவிட்டு
உடம்புக்குத் திரும்பும்.
ஊசி குத்துகிறவள் நான்.

இன்று தலைநகரிலிருந்து ஒரு படிவம்.
எடை, தூக்கம், மலச்சிக்கல், அரிப்பு
எல்லாம் கடந்து பதினான்காவதாக:
உங்கள் வாழ்க்கையின் பொருள் என்ன?
பதிலுக்கு ஒன்றரை வரி இடம்.
ஒரு கை குழாயில் கிடப்பவர்களுக்கு
நான்தான் எழுதித் தரவேண்டும்.

குராம் சிரித்தார்.
முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவர்.
"ஸெஸ்தஃபோனி வரை போவது, திரும்பி வருவது.
ஏறியவன் எதற்குப் போகிறான் என்று
நான் கேட்டதே இல்லை.
கதவைத் திற, கதவை மூடு.
எழுதிக்கொள்."

"இறங்குமிடத்தில் ஒருவர் நிற்பார், குராம்.
அவர் கேட்பார்" என்றாள் சியாலா,
கழுத்துச் சிலுவையை விடாமல்.
"சொல்வதற்கு ஒரு பதில்
கையில் இருக்கவேண்டும். அதுதான் பொருள்."
"டிக்கெட் பரிசோதகர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அம்மணி."

லமாரா கண்ணாடியைக் கழற்றினார்.
பள்ளியில் வேதியியல் நடத்தியவர்,
இன்னமும் எங்களைத் திருத்துகிறவர்.
"கேள்வியே பிழை.
சோடியத்துக்கு என்ன பொருள்?
இருக்கிறது. தண்ணீர் பட்டால் எரிகிறது."
பிறகு, யாரும் கேட்காமலே:
"ஒரு நாளைக்கு எனக்கு அரை லிட்டர்.
பள்ளியிலிருந்து எடுத்துவந்த குவளையில் அளந்து வைப்பேன்.
கடைசி இருபது மில்லி
இரவு பத்து மணிக்கு.
நாக்கின் அடியில் வைத்துக்கொண்டு விளக்கை அணைப்பேன்.
இதை எந்த வரியில் எழுதுவாய்?"

வாஷா காதிலிருந்த கருவியை எடுக்கவில்லை.
இருபத்தாறு வயது.
"ஒரு சிறுநீரகம்" என்றான்.
அறை பேசாமல் இருந்தது.
"அம்மா கொடுத்தது எட்டு மாதம்தான் வேலை செய்தது.
மிச்சமிருக்கும் ஒன்றை வைத்துக்கொண்டு
அவள் வெங்காயத்துக்குப் பாத்தி கட்டிக்கொண்டிருக்கிறாள்.
இந்தக் கேள்வியை
அவளிடம் போய்க் கேளுங்கள்."

அப்போதுதான் மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமியது, நின்றது.
நான்கும் ஒரே குரலில் அலறின.
மற்றொரு செவிலி விடுப்பில்.
எனக்கு இரண்டு கைகள்.
ரத்தம் நின்றால் உறையும்.

கைப்பிடிகளைப் பொருத்தினேன்.
வாஷாவுக்கு ஒரு கையால், சியாலாவுக்கு மறுகையால்
நான் சுற்றினேன்.
லமாரா தன்னுடையதைத் தானே சுற்றினார்,
உரக்க எண்ணிக்கொண்டு, வகுப்பறையில் போல.
குராம் தன்னுடையதை
பழைய லாரியைக் கிளப்புகிறவர் போலச் சுழற்ற,
"மெதுவாக, மனுஷா! ஸெஸ்தஃபோனிக்கா போகிறீர்?"
என்று சியாலா வைதாள்.
என் தோள் வலித்தபோது
வாஷா ஒன்றும் சொல்லாமல்
கைப்பிடியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

பதினொரு நிமிடம்.
ஜன்னலுக்கு வெளியே ஆறு
வழக்கம்போல் அழுக்காக ஓடியது.

விளக்கு வந்ததும்
விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்கள்.
கடவுள்தான் காப்பாற்றினார் என்றாள் ஒருத்தி.
அப்படியானால் நிறுத்தியது யார் என்றார் ஒருவர்.
லமாரா இருவரையும் திட்டினார்.
யாரும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

படிவங்கள் தரையில் கிடந்தன,
ஒன்றில் என் செருப்பின் தடம்.
எல்லாம் என் கையெழுத்து. பெயர் கேட்கும் கட்டம் இல்லை.
அப்படியே உறையில் போட்டேன்.
வாஷாவின் ஒன்றரை வரியில் மட்டும்
வெங்காயம் என்று இருக்கும்.
அவர்கள் தலையைச் சொறியட்டும்.

போகும் முன் எடை பார்த்தோம்.
குராமிடமிருந்து இரண்டு கிலோ முந்நூறு கிராம்
குறைந்திருந்தது. வெறும் தண்ணீர்.

வீட்டுக்கு வந்தேன்.
கோட்டைக் கழற்றவில்லை.
குழாயைத் திறந்து, நின்றபடியே
ஒரு தம்ளர் குடித்தேன்.
இரண்டாவதை நிரப்பி,
எங்கோ யாரோ அளந்துகொண்டிருப்பது போல்
கொஞ்சம் தயங்கி,
அதையும் குடித்தேன்.